உப்பில்லாத மோர்

மோரில் உப்பு இல்லை. முதல் மிடற்றிலேயே நல்லபெருமாள் பிள்ளைக்குத் தெரிந்துவிட்டது. மறதி என்று நினைக்க இடமில்லை. பெருங்காயம் இருந்தது, இஞ்சி நசுக்கிப் போட்டிருந்தது, கறிவேப்பிலையைக் கிள்ளிக்கூடப் போட்டிருந்தார்கள். இத்தனையையும் நினைவு வைத்துக்கொண்ட கை உப்பை மட்டுமா மறக்கும்? இரட்டையூரணிப் பாளையத்திலிருந்து யார் வந்தாலும் கூத்தன்பாறை அரண்மனையில் இப்போதெல்லாம் உப்பில்லாத மோர்தான் என்று அவர் முன்பே கேள்விப்பட்டிருந்தார். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று வாய் ஓயாமல் சொல்லும் நாட்டில், உன் நினைவே எங்களுக்கு வேண்டாம் என்பதை இதைவிட மரியாதையாக ஒருவனுக்குச் சொல்ல முடியாது. செம்பைத் திருப்பி அனுப்பியிருக்கலாம். ஆனால் அவர் தானாபதி. தன் ராஜாவின் வாயாக அயல் அரண்மனைக்குப் போய்ப் பேசுகிறவர். தானாபதியின் தொண்டை தானாபதிக்குச் சொந்தமன்று. அவமானத்தை ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டுச் செம்பைக் கவிழ்த்து வைத்தார். நன்றாக இருந்தது என்று பரிசாரகனிடம் சொல்லவும் செய்தார். சொன்ன நாக்கை அந்த இடத்திலேயே கடித்துத் துப்பிவிடத் தோன்றியது.

கூத்தன்பாறைத் துரை எண்ணெய்க் குளியலில் இருக்கிறாராம். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை எந்த யுத்தமும் நிறுத்தியதில்லை போலும். அவர் காத்திருந்த கச்சேரிச் சாவடியின் பின்சுவருக்கு அப்பால் யாரோ அகன்ற முதுகொன்றில் எண்ணெயை அறைந்து தேய்க்கும் ஓசை கேட்டுக்கொண்டே இருந்தது. ஓர் அறை. அங்கே கோட்டைச் சுவரில் ஒரு குண்டு. இன்னோர் அறை. இன்னொரு குண்டு. விடிய விடியக் குதிரைமேல் வந்த தொடை தோல் உரிந்து வேட்டியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நகர்ந்தால் பிய்ந்தது, நகராவிட்டால் எரிந்தது. எரியட்டும். வரி கேட்டு வந்த வடக்குப் படை இரட்டையூரணிக் கோட்டையை மூன்று பக்கமும் வளைத்துப் பீரங்கியை நிறுத்தியிருக்கும்போது, ஒரு கிழவனின் தொடை எரிந்தால் என்ன, எரியாவிட்டால் என்ன? சுவர் இருக்கிறது. சுவருக்குப் பின்னால் மறவர்கள் இருக்கிறார்கள், அவருடைய மகள் இருக்கிறாள், மகளின் மடியில் இன்னும் பேர் வைக்காத ஒரு குழந்தை இருக்கிறது. வெடிமருந்துதான் இல்லை. பிடிப்பிடியாக அளந்து கொடுத்தாலும் நாளைப் பொழுது சாயும்வரை தாங்காது. மருந்து இங்கே இருக்கிறது, இந்தச் சுவருக்கு அப்பால், உலர்ந்த நிலவறையில், மலைபோல. இரட்டையூரணி விழுந்தால் வடக்குப் படை அடுத்து வந்து நிற்கும் வாசல் இதே வாசல்தான். சாவடியில் தூங்கும் நாய்க்குக்கூட அது தெரியும். தெரிந்தும் முதுகுக்கு எண்ணெய். இன்னோர் அறை. உடன்படிக்கை செய்துகொண்ட இரண்டு பாளையங்கள்! பெண் கொடுத்துப் பெண் எடுத்த உறவு! கூத்தன்பாறைத் துரையின் தங்கையல்லவா இரட்டையூரணியின் பட்டத்து நாச்சியார்? நாச்சியார் என்றதும் அவர் நினைப்பு கல் தடுக்கியதுபோல நின்றது. வேண்டாம், அந்தப் பக்கம் போகாதே. வேறு எதையாவது நினை.

வேறு எதை நினைப்பது? எங்கே சுற்றினாலும் நினைப்பு அந்தப் பீப்பாய்களிடமே வந்து நின்றது. போன வருஷத்துக்கு முந்தின வருஷம், இதேபோல ஒரு நெருக்கடியில், இரட்டையூரணி கேட்டவுடன் கூத்தன்பாறை மருந்து கொடுத்தது. அன்று இந்தச் சாவடியில் காத்திருக்கவில்லை; இளநீர் கொடுத்தார்கள், சந்தனம் பூசினார்கள், மாலைக்குள் வண்டிகள் புறப்பட்டன. யுத்தத்தில் இரட்டையூரணி வென்றது. மரப்பீப்பாய்களைத் திருப்பி அனுப்ப வேண்டும். வெறும் பீப்பாயாகவா? அண்டை வீட்டிலிருந்து குழம்பு வந்த கிண்ணத்தைக்கூட வெறுமையாகத் திருப்பிக் கொடுக்காத நாடல்லவா இது? ஒரு பிடி அரிசி, ஒரு கட்டி வெல்லம், ஒன்றுமில்லாத ஏழையானால் ஒரு கல் உப்பு. நாச்சியார் தாமே முற்றத்தில் வந்து நின்றார். பிறந்த வீட்டுப் பாத்திரம் வெறுமையாகப் போனால் பிறந்த வீடு வெறுமையாகும் என்றார். கடற்கரை அளத்திலிருந்து வெள்ளை வெளேரென்று உப்பு வரவழைத்து, முதல் பிடியைத் தம் கையாலேயே போட்டு, பீப்பாய் பீப்பாயாக நிரப்பச் செய்தார். நல்லபெருமாள் பிள்ளை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பெண் என்றால் இப்படியல்லவா என்று மெச்சவும் செய்தார். கூத்தன்பாறையில் உப்பை அடுக்களைக்குக் கொட்டிக்கொண்டு, பீப்பாயைத் துடைத்து, மறுபடி மருந்து நிரப்பி வைத்தார்கள். ஐப்பசி வந்தது. உப்பேறிய மரம் மழைக்காற்றின் ஈரத்தை உறிஞ்சிற்று. கூத்தன்பாறைக்குக் கணவாயில் சண்டை மூண்டபோது மருந்து வெடிக்கவில்லை. பச்சைப் பனையோலையைத் தீயில் போட்டதுபோலச் சீறிப் புகைந்தது. புகைக்கு நடுவே நின்ற துரையின் ஒரே மகன் மருதப்பன், மீசை சரியாக அரும்பாதவன், ஈட்டியில் விழுந்தான். பீப்பாய்களை வேண்டுமென்றே குளத்தில் ஊறப்போட்டுத் திருப்பி அனுப்பினார்கள் இரட்டையூரணிக்காரர்கள் என்று கூத்தன்பாறை முழுவதும் பேசியது. உப்பை யாரும் நினைக்கவில்லை. உப்பு நல்ல பொருளாயிற்றே, அதை யார் சந்தேகிப்பார்கள்? இரட்டையூரணியில் மட்டும் இரண்டு பேருக்கு நடந்தது விளங்கிற்று. ஒருவர் ராஜா பொன்னம்பலத் துரை. மற்றவர் நல்லபெருமாள் பிள்ளை. "மைத்துனனுக்கு ஆள் விட்டுச் சொல்லிவிடுவோம் மகாராஜா" என்று அன்றே மன்றாடினார். ராஜா மீசையைத் தடவிக்கொண்டு சொன்ன பதில் இன்றும் காதில் ஈயமாகக் கிடக்கிறது. "நான் பீப்பாயைத் திருப்பிக் கொடுத்தேன். அவன் நிரப்பினான். நனைஞ்சா அவன் பாடு. என் வீட்டில தப்பு நடந்துச்சுன்னு என் வாய் சொல்லாது, உம்ம வாயும் சொல்லக் கூடாது." துக்கத்துக்குப் பட்டும் பாலும் போயின. உண்மை போகவில்லை. நேற்று இரவு குதிரை ஏறுமுன் ராஜா சொன்னது: "மருந்து கேளும். பீப்பாய்ப் பேச்சு எடுக்காதேயும்." கோட்டை வாசலில் நாச்சியார் வந்து சொன்னது: "அண்ணாகிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க. அந்தப் பீப்பாயை யாரும் நனைக்கலை. உப்பை நானே நின்னு நிரப்பி அனுப்பினேன். என் கை பட்டதுல துரோகம் இருக்குமான்னு அண்ணாவையே கேளுங்க." பாவம். எதைச் சொல்லி அனுப்புகிறோம் என்று தெரியாத பேதை. ஒரே வாயில் இரண்டு கட்டளை. ஒன்று மூடச் சொல்கிறது, ஒன்று திறக்கச் சொல்கிறது. நடுவில் உப்பில்லாத மோரின் புளிப்பு.

பிரதானி வைகுந்தம் பிள்ளை வெற்றிலையை அதக்கிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார். கூத்தன்பாறையின் மந்திரி, தூரத்து உறவு, ஒரு காலத்தில் இருவரும் ஒரே வண்டியில் திருச்செந்தூர் போனவர்கள்.

"என்ன அண்ணாச்சி, மோர் குடிச்சாச்சா?"

"ஆச்சு. பெருங்காயம் வாசனையா இருந்தது."

"இருக்கும். எங்க வீட்டுப் பெருங்காயம் எப்பவும் உசத்திதான்."

"துரை எப்ப வே வருவாக?"

"எண்ணெய் ஊற வேண்டாமா? அவசரப்பட்டா சூடு இறங்காது."

"அங்க சுவரு இடிஞ்சுக்கிட்டிருக்கு வைகுந்தம்."

"குண்டு விழுந்தா சுவரு இடியத்தான் செய்யும். மருந்து நனைஞ்சா ஆளு விழத்தான் செய்வான். நாம என்னத்தைக் கண்டோம், எல்லாம் அவன் செயல்." பிரதானி எச்சிலைத் துப்பிவிட்டு வந்து குரலைத் தாழ்த்தினார். "உள்ளதைச் சொல்லுதேன். வண்டியில மருந்து ஏத்தி விடியக்காலமே தயாரா நிக்குது. மாடு பூட்ட வேண்டியதுதான் பாக்கி. சபையில ஒரே ஒரு வார்த்தை. 'எங்க ராஜா செஞ்சது துரோகம்'னு நின்னு சொல்லிட்டு ஓட்டிக்கிட்டுப் போவும்."

"நடக்காத ஒண்ணை நடந்ததுன்னு எப்படி வே சொல்ல?"

"அப்ப எது நடந்ததுன்னு சொல்லும். அதையும் சொல்ல மாட்டேங்கீரு. நீரும் உம்ம ராஜாவும் சேந்து வாயில கொழுக்கட்டையை வச்சுக்கிட்டு இருக்கீங்க. பெத்த பிள்ளையைப் பறிகொடுத்தவருக்கு ஒரு பதில் வேண்டாமா?" பிரதானி எழுந்தார். "யோசியும். சாமிகும்பிட்டுட்டு வந்ததும் கூப்பிடுவாக."

வண்டி தயாராக நிற்கிறது! விடியற்காலையிலிருந்து! கிணற்றில் விழுந்தவனுக்குக் கயிறு போட வந்தவன், முதலில் என் கயிற்றின் அருமையைச் சொல் என்றானாம். விழுந்தவன் சொன்னான். இன்னும் உரக்க, ஊர் கேட்கச் சொல் என்றானாம். உரக்கக் கத்தக் கத்தத் தண்ணீர் வாய்க்குள் போயிற்று. சரி, மேலே நின்றவன் பாவி. கீழே கிடந்தவன் யோக்கியனா? அந்தக் கயிற்றை முன்பு இரவல் வாங்கி, அவன் வீட்டுப் பிள்ளையின் கழுத்தில் சுருக்காக விழும்படி திருப்பிக் கொடுத்துவிட்டு, அதைப் பற்றி ஒரு சொல் சொல்லாதவனல்லவா கீழே கிடக்கிறான்? கோபம் யார்மேல் என்று பிடித்து நிறுத்த முயன்றார். அது ஒரு கம்பத்தில் கட்டுப்படும் மாடாக இல்லை. எண்ணெய் தேய்த்துக்கொள்கிற இந்த முதுகின்மேலா? மீசையைத் தடவுகிற அந்தக் கையின்மேலா? ஒரே நுகத்தில் பூட்டிய இரண்டு மாடுகள் கழுத்துப் புண்ணுக்கு ஒன்றையொன்று ஏசிக்கொண்டே வயல் முழுவதும் உழுதனவாம். புண்ணை உண்டாக்கியது நுகம் என்று நிமிர்ந்து பார்க்க இரண்டுக்கும் தோன்றவில்லை. நிமிர முடியாதபடி செய்வதற்குத்தானே நுகம்? ராஜாக்களே, உதவி கேட்டு வந்தவனின் காலைப் பாருங்கள். அவன் எவ்வளவு தூரம் ஓடிவந்தான் என்பது அதில் எழுதியிருக்கிறது. உதவி பெற்றவர்களே, கொடுத்தவனின் வீட்டில் பிணம் விழுந்தால் முதலில் உங்கள் கையை முகர்ந்து பாருங்கள். யாரிடம் சொல்வது? சாவடித் தூணிடமா? இப்படி மனத்துக்குள் உபதேசம் செய்தே அறுபது வயதாயிற்று. வெளியே ஒரு சொல் வந்ததில்லை. அறை ஓசை எப்போது நின்றது? சீயக்காய் மணம் வருகிறது. குழந்தைக்கு என்ன பேர் வைப்பார்கள்? பேர் வைக்க ஊர் இருக்குமா? போதும். சொல்லிவிடுவது. ராஜாவின் கட்டளையை மீறி, நாச்சியாரின் கட்டளைப்படி, உள்ளதை உள்ளபடி துரையின் காதில் தனியே சொல்லிவிடுவது. உண்மைக்கு அடைபடாத கதவு உண்டா? இத்தனை நாள் மருந்தைவிட வலிய ஒன்றை வாயில் அடக்கிவைத்துக்கொண்டா பிச்சைக்காரனைப்போல உட்கார்ந்திருக்கிறேன்? அந்த நினைப்பு வந்ததும் தொடை எரிவதுகூட அடங்கியதுபோல் இருந்தது.

உள்ளறையில் சாம்பிராணிப் புகைமேல் கூந்தலை விரித்து உலர்த்தியபடி தடிவீரத் துரை உட்கார்ந்திருந்தார். நல்லபெருமாள் பிள்ளை நினைத்த அகன்ற முதுகு அங்கே இல்லை. மகன் போனபின் உருகி, தோள் எலும்பு துருத்திய முதுகு. எண்ணெய் தேய்த்தது உடம்பு கேட்டதற்காக இருக்காது, மருத்துவன் சொன்னதற்காக இருக்கும். அந்த முதுகைக் கண்டதும் கோபம் ஒரு கணம் வழி தவறி நின்றது. பிள்ளை தனியே பேச வேண்டும் என்றார். துரை கையசைத்தார்; ஆட்கள் போனார்கள். பிள்ளை சொன்னார். நாச்சியார் சொன்ன சொற்களையே, ஓர் எழுத்து மாற்றாமல். சொல்லி முடித்துவிட்டு, ஒரு கதவு திறக்கும் ஓசைக்காகக் காத்திருந்தார். சாம்பிராணி மட்டும் புகைந்தது.

"இதைச் சொல்லத்தான் வந்தீரா?" என்றார் துரை. தலை நிமிரவில்லை. "எனக்குத் தெரியும் பிள்ளை. பையனைத் தூக்கிக்கிட்டு வந்த அன்னைக்கே பீப்பாய்ப் பலகையை நக்கிப் பாத்தேன். கரிச்சது. அந்த உப்பு வந்தப்ப ஒவ்வொரு பீப்பாயிலயும் மேலாக்க ஒரு மஞ்சள் துண்டு இருந்துச்சு. எந்த ராஜா உப்புமேல மஞ்சள் வச்சு அனுப்புவான்?"

"தெரிஞ்சுமா மகாராஜா, துரோகம்னு..."

"தெரிஞ்சதனாலதான். யாராவது ஒருத்தன் வந்து, நாங்க வேணும்னே நனைச்சோம்னு சொல்லிட மாட்டானான்னு இத்தனை மாசமா சாமியை வேண்டிக்கிட்டு இருந்தேன். நீரு வந்து இல்லைன்னு சொல்லிட்டீரு." கூந்தலை ஒதுக்கிக்கொண்டு முதல் தடவையாக நேரே பார்த்தார். "மருதப்பனைப் பெத்தவ உள்ள கிடக்கா. இன்னைக்கு அவ பொன்னம்பலத்தைச் சபிச்சுக்கிட்டிருக்கா. உண்மை தெரிஞ்சா நாத்தனாளைச் சபிப்பா. அது போகட்டும். என் தங்கச்சிக்குத் தெரிஞ்சா? அவ தூக்கி வளத்த பிள்ளை. தன் கையாலயே கொன்னோம்னு தெரிஞ்ச பிறகு அவ அந்தக் கையால சோறு திம்பாளா?"

துரை உலர்ந்த கூந்தலை அள்ளி முடிந்துகொண்டார்.

"மருந்து தாரேன். சபையில நின்னு சொல்லும். அவ கைக்கு வர்றதுக்கு முன்னாலேயே பீப்பாயைக் குளத்துல ஊறப்போட்டோம், எங்க ராஜா சொல்லித்தான் செஞ்சோம், துரோகம்னு. ஒத்துக்கிட்டவனுக்குக் கொடுத்தா என் மறவன் பொறுத்துக்கிடுவான். ஒத்துக்காதவனுக்குக் கொடுத்தா என்னைக் காறித் துப்புவான்."

"புருஷன் துரோகின்னு நாச்சியார் காதுக்குப் போகுமே மகாராஜா."

"புருஷனை வெறுத்துக்கிட்டு உசிரோட இருக்கலாம். எத்தனையோ பொம்பளைங்க இருக்காங்க." துரையின் உதடு ஒரு பக்கம் கோணிற்று, சிரிப்பாக இருக்கலாம். "திரும்பிப் போனா உம்ம ராஜா உம்மை என்ன செய்வான்?"

"கோட்டை நின்னாத்தானே மகாராஜா, ஏதாவது செய்ய."

சபை கூடியிருந்தது. இரண்டு வரிசையாக மறவர்கள், ஈட்டிக்காம்பைத் தரையில் ஊன்றி, அவரைப் பார்க்கவே வெறுத்தவர்களாய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நடுவே நடந்தபோது ஒட்டிய தோல் பிய்ந்தது. பிய்வது நல்லதாக இருந்தது. பொய் சொல்லப் போகிறேன், என்று தமக்குள் சொல்லிக்கொண்டார். ஒரு நாட்டின் பேரைக் குழியில் இறக்கப் போகிறேன். நாளைக்கு இந்த வட்டாரத்தில் தாய்மார் பிள்ளைகளுக்கு இரட்டையூரணி என்று சொல்லிப் பயம் காட்டுவார்கள். சொல்லத்தான் வேண்டும். உண்மை என்பது ஆயுதம் என்று நம்பி உறையிலிருந்து உருவினேன். எதிரே இருந்தவன் ஏற்கெனவே அதன்மேல் விழுந்து கிடக்கிறான். குரலைச் செருமினார். "இரட்டையூரணி ராஜா பொன்னம்பலத் துரையின் வாயாக நின்று பேசுகிறேன். நீங்கள் கொடுத்த பீப்பாய்களைக் குளத்தில் ஊறப்போட்டோம். நாச்சியார் அறியமாட்டார். ராஜா சொல்லிச் செய்தோம்." பொய், மூன்றும் பொய், இல்லை, நடுவில் உள்ளது உண்மை, அதைக் காப்பாற்றத்தான் மற்ற இரண்டும். வரிசையில் யாரோ மூச்சை இழுத்துவிட்டான். அத்தோடு நிறுத்தி, அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு வண்டியை நோக்கிப் போயிருக்கலாம். ஆனால் உள்ளே எதுவோ அணை உடைத்துக்கொண்டு வந்தது. "உங்கள் பிள்ளை விழுந்தான் என்று ஆள் வந்தபோது, எதனால் விழுந்தான் என்று எங்கள் ராஜாவுக்குத் தெரியும். பட்டு அனுப்பினார். பால் அனுப்பினார். பெற்றவர் விடிய விடியக் காரணம் தேடிக்கொண்டிருந்தார்; காரணத்தைத் தெரிந்தவர் மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். எனக்கும் தெரியும். நானும் தாம்பூலம் போட்டுக்கொண்டு இருந்தேன். ஒரு ஆள், ஒரு குதிரை, ஒரு பகல் தூரம். வந்து சொல்ல முடியாதா? நாங்கள் செய்தது துரோகம்." சொன்ன பிறகுதான் அவர் காதுக்கு அது கேட்டது. பொய்யென்று தொடங்கிய பேச்சு எந்த இடத்தில் பொய்யாக இருப்பதை நிறுத்திற்று? தேடிப் பார்க்க நேரமில்லை. கோபம் அவரைத் தாண்டி முன்னால் போய்க்கொண்டிருந்தது. அறுபது வருஷமாகத் தூணிடம் சொன்னதெல்லாம் வழி கண்டுகொண்டு வந்தது. துரோகம், என்றார் மறுபடியும். இந்தத் தடவை சொன்னது அங்கே இல்லாத தம் ராஜாவின் காதுக்கு. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த மறவர்கள் ஒவ்வொருவராக அவர் முகத்தைப் பார்த்தார்கள். வெளியே மாடு பூட்டும் சலசலப்பு; சக்கரம் கல்லில் உரசிற்று; மருந்து புறப்பட்டுவிட்டது. வைகுந்தம் பிள்ளை பக்கத்தில் வந்து அவர் முழங்கையைத் தொட்டார். "போதும் அண்ணாச்சி. வண்டி கிளம்பியாச்சு. துரை திருப்திப்பட்டாக. வாரும், வெளிய போவோம்." அவர் சொன்னது நல்லபெருமாள் பிள்ளைக்கு நன்றாகவே கேட்டது. வாயைத்தான் மூட முடியவில்லை.